கட்டைவிரல் கையெழுத்தாகும் காலம்

ஆரணி, சைதாப்பேட்டை, கொசப்பாளையம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று நம் சுற்றுவட்டாரத்தில் தறி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் அக்கா தங்கைகளுக்கும், பட்டுக்கடை முதலாளிகளுக்கும், குழுக்களை நடத்தும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் தொழில் பேச்சில் பாதி இப்போது கைப்படங்களில் நடக்கிறது. சேலையை விரித்து, முந்தானையை மடித்துக் காட்டி, கீழே விலையைப் போட்டுக் குழுவில் விடுகிறோம். பதிலாகக் கட்டைவிரல் வருகிறது, வளையம் போட்ட விரல் வருகிறது, கைதட்டல் வருகிறது. கூலியைக் கேட்டாலும் கட்டைவிரல். பாவு எப்போது வரும் என்று கேட்டால் கும்பிடு. கல்யாண அழைப்புக்கும் கும்பிடு, இழவுச் செய்திக்கும் கும்பிடு. இதில் வேகம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஆனால் இந்தக் கைகளால் மனக்கசப்பும் பணநட்டமும் வருவதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலி, விலை, நிறம், கெடு ஆகிய நான்கையும் எமோஜியில் முடிக்காதீர்கள். வாயால் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள்.

என் உறவுக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் வழக்கமாகச் சேலை எடுக்கும் வெளியூர்க் கடைக்கு ஒரு நிறத்துண்டைப் படம் எடுத்து அனுப்பி, “இந்தக் கலர்ல பாவு போட்டுடலாமா?” என்று கேட்டார். கட்டைவிரல் வந்தது. பட்டு சாயத்துக்குப் போனது, பாவு தறியேறியது, முதல் சேலையும் அறுத்தாயிற்று. அப்போது கடையிலிருந்து, “படத்தைப் பார்த்துட்டேன்னுதான் போட்டேன். நெய்யச் சொல்லலையே” என்று பதில். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் வலி தெரியும். பாவின் நிறம் பாவு தீரும்வரை மாறாது. ஒரு சேலையோடு போகிற நட்டம் இல்லை அது. கர்நாடகத்துப் பட்டும் சூரத்து ஜரிகையும் ஏற்கெனவே கடனில் வாங்கியவை.

அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் கட்டைவிரலுக்கு ஒரு பொருள், இவர் கையில் வேறொரு பொருள். இதே சிக்கல் கனடாவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

சஸ்காட்சவான் மாகாணத்தில் ஒரு விவசாயி. தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று 2021 மார்ச்சில் அவரிடம் 87 டன் ஆளிவிதை கேட்டது. நவம்பரில் கொடுக்க வேண்டும், விலையும் பேசியாயிற்று. நிறுவனத்தின் ஆள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டார். விவசாயி ஒரு கட்டைவிரலை அனுப்பினார். நவம்பர் வந்தது, சரக்கு வரவில்லை. அதற்குள் ஆளிவிதை விலை இருமடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கத்தான் கட்டைவிரல் போட்டேன், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை என்றார் விவசாயி. நீதிபதி டிமோத்தி கீன் 2023 ஜூனில் தீர்ப்புச் சொன்னார். இதற்கு முன்பும் இந்த இருவரும் இப்படித்தான் கைபேசியில் வியாபாரம் செய்திருக்கிறார்கள். “சரி” என்கிற மாதிரி ஒரு சொல்லை விவசாயி அனுப்புவார், பிறகு சரக்கு போய்ச் சேரும். அந்த வழக்கத்தை வைத்துப் பார்த்தால் கட்டைவிரலும் கையெழுத்துக்குச் சமம் என்றார் நீதிபதி. 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னார். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதையே உறுதி செய்தது.

கனடாச் சட்டம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சொல்லால் அல்லாமல் வேறு வகையில் தெரிவிக்கும் சம்மதத்தை ஏற்கிறது. மின்னணு வழியில் செய்தது என்பதற்காகவே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் செய்த திருத்தம் சொல்கிறது. ஆகவே உங்கள் கட்டைவிரலும் நாளை ஒரு மேசைமீது சாட்சியாகக் கிடக்கலாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நம் தாத்தா பாட்டிமார் கடன் பத்திரத்தில் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். கைநாட்டு வைத்த பிறகு “படித்துக்கூடப் பார்க்கவில்லை” என்று யாரும் தப்பிக்க முடியாது. கையை ஒப்பந்தத்தில் பதிக்கும் வழக்கத்துக்கு ஒரு புகழ்பெற்ற தொடக்கமும் இந்திய மண்ணில்தான் இருக்கிறது. 1858 ஜூலையில் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவருடைய உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். பின்னாளில் பேச்சு மாறினால் காட்டுவதற்கு ஒரு பிடி வேண்டும் என்பதே அவர் எண்ணம். அந்தப் பழக்கம் வளர்ந்து, 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கும் அளவுக்குப் போனது. மையில்லாத கட்டைவிரலை இன்று கண்ணாடித் திரையில் வைக்கிறோம். அதன் கனத்தைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கட்டைவிரலும் கைநாட்டு ஆகிவிடாது. அதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றமே சான்று. 2018-இல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர், உடன் பணியாற்றிய காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி படையினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது வேறொரு காவலர் கட்டைவிரல் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று சொல்லி அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். வாட்ஸ்அப் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்றார் அவர். நீதிபதிகள் டி. கிருஷ்ணகுமார், ஆர். விஜயகுமார் அமர்வு 2024 மார்ச்சில் அவர் பக்கம் நின்றது. கட்டைவிரல் “ஓகே” என்பதற்கு மாற்று, செய்தியைப் பார்த்தேன் என்று தெரிவித்ததாகவே அதைக் கொள்ள வேண்டும், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ளக் கூடாது என்றது. அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்ன உத்தரவு நிலைத்தது.

ஒரே கட்டைவிரல். ஒரு நாட்டில் 82,000 டாலருக்குச் சம்மதம். இன்னொரு நாட்டில் வெறுமனே பார்த்ததற்கு அடையாளம். இரண்டு தீர்ப்புமே சரி என்பதுதான் என் எண்ணம். அனுப்பியவர் யார், யாருக்கு அனுப்பினார், முன்பு அவர்களுக்குள் என்ன வழக்கம் என்பதைப் பார்த்துத்தான் இரண்டு இடத்திலும் நீதிபதிகள் பொருள் கொண்டார்கள். நம் கூலித் தகராறுக்கு அந்த அளவு பொறுமையோடு உட்கார்ந்து பார்க்க யார் வரப்போகிறார்கள்? நெசவாளிக்கு வக்கீல் வைக்கவும் வசதியில்லை, கோர்ட்டுக்கு அலைய நேரமுமில்லை.

கையால் விலை பேசுவது தப்பு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வேலூர்ப் பக்கம் பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே போனவர்களுக்குத் தெரியும். தரகரும் மாட்டுக்காரரும் கைகோத்து நிற்பார்கள். மேலே ஒரு துண்டு. துண்டுக்குள் விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, ஆயிரத்தையும் ஐந்நூறையும் பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. காலங்காலமாக நடக்கும் பேரம் அது. அது தவறாமல் நடப்பதற்குக் காரணம் உண்டு. துண்டுக்குள் இருப்பது இரண்டே கை. இரண்டு பேருக்கும் ஒரே விரல் கணக்கு. சந்தேகம் வந்தால் அதே கணத்தில் இன்னொரு முறை அழுத்திக் கேட்கலாம், எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கலாம். இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா? திருப்பூர்க்காரர், பெங்களூர்க்காரர், கோலாலம்பூர் அக்கா, டொரன்டோ மாமி எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். அவரவர் ஊர் விரல் கணக்கில் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த ஊர்க் கணக்குகள் எவ்வளவு மாறுபடும் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுவது ஈரானிலும் ஈராக்கிலும் பழைய தலைமுறைக்கு வசவு. நம் தெருவிலேயே சின்னப் பிள்ளைகள் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினால் “உனக்கு ஒண்ணும் கிடையாது, ஏமாந்தியா” என்று அர்த்தம். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கையால் காட்டும் முத்திரைகள் 28. அவற்றில் சிகரம் என்பது அச்சாக இந்தக் கட்டைவிரல்தான். வில், தூண், கணவன், மணியோசை என்று அதற்குப் பல பயன்களைச் சொல்கிறது அந்த நூல். அந்த வரிசையிலேயே ‘நிச்சயம்’ என்பதும் இருக்கிறது, ‘கேள்வி’ என்பதும் இருக்கிறது, ‘இல்லை’ என்பதும் இருக்கிறது. ஆடுகிறவள் முகத்தையும் பாட்டையும் வைத்து எது என்று நாம் புரிந்துகொள்கிறோம். பாட்டும் முகமும் இல்லாமல் தனிக் கையை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால், நிச்சயமும் கேள்வியும் இல்லையும் ஒன்றுதான். என் உறவுக்காரருக்கு நேர்ந்தது இதுவே.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளையம் போட்டால் நமக்கு “அருமை”. சேலை நன்றாக விழுந்திருக்கிறது என்று பாராட்ட நாம் அதிகம் அனுப்புவது இதைத்தான். தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையும் ஏறக்குறைய இதுதான். நாட்டியத்தில் ஹம்சாஸ்யம். தாலி கட்டுவது, முத்து, விளக்குத் திரி, உரைகல், சித்திரம் வரைவது எல்லாவற்றையும் அந்தக் கை காட்டும். கல்யாணப் பட்டு விற்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது. ஆனால் ஜப்பானில் அந்த வளையம் நாணயம், அதாவது பணம். பிரான்சில் சுழியம், ஒன்றுக்கும் உதவாதது. பிரேசிலிலும் துருக்கியிலும் கெட்ட வசை. அமெரிக்காவில் இனவெறிக் கும்பல்கள் இதைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டதால், வெறுப்புக் குறிகளின் பட்டியலில் 2019-இல் இதையும் சேர்த்தது அவதூறு எதிர்ப்புக் கழகம் என்ற அமைப்பு. அதற்காக நாம் இதை விட்டுவிட வேண்டியதில்லை. அங்குள்ளவர்களும் பெரும்பாலும் நல்ல அர்த்தத்தில்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். தெரியாத வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு முதல் பதிலாக இதை அனுப்பாமல் இருந்தால் போதும்.

விலை குறைக்கச் சொல்லி இரண்டு விரலைக் கிட்டே வைத்து “கொஞ்சம்” என்று காட்டும் படத்தை நம் வாடிக்கையாளர்கள் அனுப்புகிறார்கள். அதே படம் தென்கொரியாவில் ஆண்களை இழிவுபடுத்தும் குறியாகிப் பெரிய சண்டையானது. 2021-இல் ஒரு கடைத்தொடரின் விளம்பரத்தில் அந்த விரல் தெரிந்ததற்கே நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. விரித்த ஐந்து விரலை முகத்துக்கு நேரே நீட்டுவது கிரேக்கத்தில் பழங்கால வசை. குற்றவாளியின் முகத்தில் சாம்பலும் சேறும் பூசிய பைசாந்தியக் காலத்திலிருந்து அது வருகிறது என்பார்கள். எண்ணிக்கை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டிய கை நமக்குப் போன் பேசுவது, சீனர்களுக்கு ஆறு. கட்டைவிரல் ஜெர்மானியருக்கு ஒன்று. நாமோ விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுகிற ஆட்கள். எத்தனை சேலை என்பதை எண்ணில் எழுதுங்கள், விரலில் காட்டாதீர்கள்.

தேர்தல் நேரத்தில் நம் குழுக்களில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கைவிரல்களுக்குக் கட்சி உண்டு. இரண்டு விரல் நீட்டினால் இரட்டை இலை. ஐந்து விரலை விரித்தால் உதயசூரியனின் கதிர். உள்ளங்கையைக் காட்டினால் காங்கிரசின் கை. 2009-இலும் 2019-இலும் ஆரணி மக்களவைத் தொகுதியில் வென்றதே அந்தக் கைச் சின்னம்தான். சேலைக் குழுவில் யாரோ “இரண்டு வேணும்” என்று இரண்டு விரல் போட, அதற்குக் கீழே அரசியல் சண்டை நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வியாபாரக் குழுவில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். வாங்குகிறவர்களிலும் இருப்பார்கள்.

இனி கும்பிடும் கை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

உலகம் முழுவதும் ஒரு நாளில் எண்ணற்ற முறை பறக்கும் படங்களில் இது ஒன்று. பார்த்தவுடன் நம்முடையது என்று தோன்றுகிறது. ஆனால் நம் கைபேசிக்கு இது வந்த வழி ஜப்பான் வழி. 1999-இல் ஷிகெதகா குரிதா என்பவர் டோகோமோ நிறுவனத்துக்காக 176 சிறு படங்கள் வரைந்தார். அவற்றின் மூலங்களை 2016-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்தது. ஜப்பானியக் கைபேசிகளில் இப்படிப் பெருகிய படங்களை உலகப் பொதுவாக்கியது யூனிகோட் அமைப்பு. 2010 அக்டோபரில் வந்த பட்டியலில் கட்டைவிரல், வளையம், கைதட்டல் எல்லாவற்றோடும் கைகூப்பலும் சேர்ந்தது. ஜப்பானியருக்கு இது வேண்டுகோள், நன்றி, மன்னிப்பு. சாப்பாட்டுக்கு முன்னும் அவர்கள் கைகூப்புவார்கள். ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் இது பிரார்த்தனை. ஆப்பிள் கைபேசிகளில் முன்பு கைகளுக்குப் பின்னே ஒளிக்கீற்று இருந்ததால், இரண்டு பேர் உள்ளங்கையைத் தட்டிக்கொள்வதாகவே சிலர் எடுத்துக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஸ்பெயின் அரசரையும் அரசியையும் கைகுலுக்காமல் நம்மைப் போல் கைகூப்பி வரவேற்றார். அந்த மாதத்தில் இந்தக் கையை உலகமே கற்றுக்கொண்டது.

நமக்கு இந்தக் கையில் அளவு முக்கியம். இறைவனுக்குத் தலைக்கு மேலே, குருவுக்கு முகத்துக்கு நேரே, அந்தணர்களுக்கு மார்புக்கு நேரே என்று அபிநய தர்ப்பணம் அஞ்சலிக்கு மூன்று உயரம் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் ஒற்றைக் கைத் தொழில் 33, இரு கை சேர்ந்த தொழில் 15 என்று வகுத்துக் காட்டினார். கை எந்த உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, தலை எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்துப் பழகிய மரபு நம்முடையது. ஆரணியில் ஒரு பெரியவர் நம்மைக் கும்பிட்டால் அது வரவேற்பா, விடையனுப்புவதா, “ஆளை விடுப்பா” என்பதா என்று கணத்தில் தெரிந்துவிடும். திரையில் அந்த உயரம் இல்லை. எல்லாக் கும்பிடும் ஒரே அளவில், ஒரே மஞ்சளில் நிற்கின்றன. 2015-இல் ஐந்து தோல் நிறங்களைச் சேர்த்தார்கள், தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அளவை வைத்து. நிறம் கூடியது, உயரம் கூடவில்லை.

அதனால் இழவுச் செய்திகளில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்த ஒருவர் இறந்துபோகிறார். அவர் மகன் குழுவில் இரண்டு வரி எழுதுகிறான். அதற்குக் கீழே எழுபது கும்பிடு, ஒரு சொல்கூட இல்லை. அதற்கு அடுத்த செய்தி புதுச் சேலைப் படம், அதற்குக் கீழும் அதே கும்பிடு. அந்தப் பையன் இரவில் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். “உங்க அப்பா கோர்வை போட்டா பிசிறு தெரியாது தம்பி” என்று யாராவது ஒருவர் எழுதியிருந்தால் அவன் அதை ஆயுளுக்கும் வைத்திருப்பான். துக்கத்துக்குக் கும்பிடு போடாதீர்கள் என்று கேட்கவில்லை. கும்பிடோடு ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, நம் ஊரில் எல்லோரும் கைகூப்புகிறவர்கள் இல்லை. சலாம் சொல்லி நெஞ்சில் கை வைக்கிற நண்பர்கள் நம் பட்டுக் கடைகளுக்குப் பல தலைமுறையாக வருகிறார்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்கு அவர்கள் முறையில் ஒரு சொல் எழுதுவது மரியாதை.

நம்மிடம் இருந்தும் உலகத்துக் கைபேசியில் இல்லாத கைகள் பல உண்டு. சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் கல்யாணப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து, பாட்டி நெட்டி முறிப்பாளே, அந்தக் கை எங்கே? நம் சேலைக்கு அதைவிட உயர்ந்த பாராட்டு உண்டா? கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை இல்லை. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய் “சாப்பிட்டாச்சா” என்று தூரத்திலிருந்தே கேட்கும் கை இல்லை. 2020-இல் வந்த குவித்த விரல் படம் இத்தாலியருடையது, “என்னதான் சொல்ல வருகிறாய்?” என்று அவர்கள் கேட்கும் கை. நம் ஆட்கள் அதைச் சாப்பாட்டுக்கும் “பொறு” என்பதற்கும் எடுத்து ஆள்கிறார்கள். 2023-இல் தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டும் முகங்கள் வந்தன. நாம் பக்கவாட்டில் சாய்த்து “ஆகட்டும்” என்று ஆட்டும் தலை அதிலும் இல்லை.

ஆனால் 2019-இல் சேலை வந்தது. ஆட்டோவும் இந்துக் கோயிலும் அகல்விளக்கும் அதே ஆண்டில் வந்தன. புதுப் படம் வேண்டுமென்று யூனிகோட் அமைப்புக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் அதற்கென்று சில மாதங்கள் ஒதுக்குகிறார்கள். பெரிய கம்பெனிக்காரர்தான் கேட்க வேண்டும் என்று விதியில்லை. நம் ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நெட்டி முறிக்கும் கைக்காக ஒரு விண்ணப்பம் எழுதினால், அதற்கான ஆதாரங்களைச் சேர்க்க நான் உட்கார்ந்து உதவுகிறேன். இந்தியாவெங்கும் வீடுகளில் வெவ்வேறு விதமாக இந்தத் திருஷ்டி கழிக்கும் கை உண்டு. கேட்டுப் பார்க்கத் தகுந்த ஒன்று.

மறுபடியும் தொழிலுக்கு வருகிறேன். ஆரணிப் பட்டு எடை குறைவு, விலையும் காஞ்சிபுரத்துக்கு ஒரு படி கீழே. அதனாலேயே நடுத்தரக் குடும்பங்கள் நம்மைத் தேடி வருகின்றன. நம் இலாபம் மெலிசு. ஒரு பாவு தவறினால் ஒரு வீட்டின் இரண்டு மாதச் செலவு போய்விடும். கடைக்காரருக்குக் கட்டைவிரல் போடக் கணநேரம் போதும். அதை நம்பி நெய்பவர் நாள்கணக்கில் குழியில் கால் வைத்து உட்கார்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவே நியாயம் வேண்டுமென்றால், கடைக்காரர் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

கூலி விஷயத்தில் இது இன்னும் அவசியம். பாவு ஆற்றவும் இழை சுற்றவும் வரும் பெண்கள் பலர் இப்போது குழுவில்தான் கூலி கேட்கிறார்கள். “இந்த வாரம் எவ்வளவு அண்ணே?” என்று கேட்கிற அக்காவுக்குக் கும்பிடு போட்டு அனுப்புவது பதில் ஆகாது. அது அவர் வாயை அடைப்பது. மறுத்துப் பேச அவருக்கு ஒரு சொல்கூட நீங்கள் கொடுக்கவில்லை. தொகை எவ்வளவு, எந்த நாளில் தருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். குறைவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

எழுத வராது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டாம், குரல் பதிவு போடட்டும். “அரக்குப் பாவு, பச்சை பார்டர், நாலு சேலை, ஆவணி முதல் வாரம், கூலி இவ்வளவு” என்று சொன்னால் பத்து நொடி ஆகும். கேட்ட கடைக்காரர் அதே ஐந்தையும் திருப்பிச் சொல்லட்டும். அதன் பிறகு எத்தனை கட்டைவிரல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் நட்டமில்லை.

குழு நடத்தும் தம்பிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வரும் முகூர்த்தங்களுக்குப் பாவு போடத் தொடங்குவதற்குள் உங்கள் குழுவின் உச்சியில் ஒரு செய்தியை நிறுத்திவையுங்கள். நிறம், எண்ணிக்கை, விலை, கூலி, கெடு ஆகியவை எழுத்திலோ குரலிலோ இருந்தால்தான் ஆர்டர் என்று அதில் இருக்கட்டும். கட்டைவிரல் வந்தால் “பார்த்தார்” என்று மட்டுமே இந்தக் குழுவில் பொருள் என்றும் சேர்த்து எழுதுங்கள். கடை முதலாளிகளே, அந்தச் செய்திக்குக் கீழே உங்கள் பெயரை எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிவிட்டால் மற்றவர்களும் எழுதுவார்கள்.

அன்புடன்,
ஆரணித் தறி வீட்டுப் பிள்ளை ஒருவன்